வெற்றிடக் குழல்: அதன் இயல்பும் சோதனையும்

பழுதுபட்ட பொருளைக் களைந்துவிட்டுப் புதியதொன்றை வாங்குதல் இக்காலத்தில் எளிய வழக்கமாகிவிட்டது. கடிகாரம் நின்றால் மற்றொரு கடிகாரம். விளக்கு அணைந்தால் மற்றொரு விளக்கு. பழுது யாது, அஃது எவ்விடத்தில் தோன்றியது என வினவுவார் சிலரே. ஆயின், ஒருமுறை களைந்தால் மீண்டும் எளிதிற் பெறவியலாத பொருள்களும் உலகில் உள. அவற்றுள் ஒன்று, பழைய ரேடியோப் பெட்டிகளிலும் கித்தார் ஆம்ப்ளிபையர்களிலும் கண்ணாடிக் குமிழுக்குள் செந்தணல்போல் ஒளிரும் வால்வு என்னும் வெற்றிடக் குழலாகும். அதன் இயல்பு யாது, அது நலமுடையதோ பழுதுற்றதோ என்று அறியுமாறு எங்ஙனம், அறிய முயல்வான் தன் உயிரைக் காத்துக்கொள்ளுமாறு எங்ஙனம் என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். எமது ஊராகிய நெய்வேலி நகரியத்தில் இக்கருவிகளைச் செப்பனிடும் முதியோர் சிலர் இன்றும் உளர். அவர்கள் தம் தொழில் நுட்பங்களைத் தமிழிலேயே பேசுகின்றனர். தம் கீழ்ப் பயில்வாருக்குத் தமிழிலேயே கற்பிக்கின்றனர். ஆயினும், அவர்கள் வாய்மொழி ஏட்டில் ஏறிற்றில்லை. பேசப்படுவதொன்றை எழுதிவைத்தல் தமிழ் மாணவனுக்கு அயலான பணியன்று என்பதே யாம் கூறும் விடை.

முதலில் பெயரை நோக்குவாம். அமெரிக்கர் இதனை டியூப், அதாவது குழல் என்பர். ஆங்கிலேயர் வால்வு என்பர். நம் நாட்டார் வழங்குவதும் அப்பெயரே. கிணற்றுப் பம்பின் அடியில் ஃபுட் வால்வு என ஒன்று இருத்தலை யாவரும் அறிவர். மேலேறும் நீரை அது விடும். கீழிறங்க முயலும் நீரைத் தடுக்கும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் என்பார் 1904ஆம் ஆண்டில் அமைத்த கண்ணாடிக் குமிழ், மின்சாரத்தை இவ்வாறே ஒரு திசையில் மட்டும் செல்லவிட்டது. ஆகலின் அதற்கு வால்வு என்னும் பெயர் பொருந்திற்று. நெய்வேலியில் வாழ்வார்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தம் மிக்க நிலத்தடி நீர் உளது. பம்புகள் இரவும் பகலும் நீரை இறைத்து அவ்வழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தில் அகழ்தல் இயலாது. நீர் ஒருவழிச் செல்லுதலின் அருமையை எம் ஊரார் நன்கறிவர்.

பிளெமிங்கின் வால்வு மின்சாரத்தின் திசையைக் காத்ததேயன்றி, அதன் அளவைப் பெருக்கவில்லை. 1906ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் லீ டி பாரஸ்ட் என்னும் அமெரிக்கர் குமிழின் நடுவே மூன்றாவது உறுப்பு ஒன்றைச் சேர்த்தார். அதுவே கிரிட் எனப்படும் கம்பிவலை. இச்சிறு வலையினின்றே ரேடியோ, பேசும்படம், மேடை மைக் ஆகிய யாவும் கிளைத்தன என்று கூறின் மிகையாகாது.

இம்மூன்று உறுப்புகளும் தொழிற்படுமாறு இது. நடுவே உள்ள சிறு குழாய் கேதோடு எனப்படும். அதனுள் ஹீட்டர் என்னும் இழை செல்கிறது. இழை சூடேறக் கேதோடும் சூடேறும்; அதன்மேற் பூசப்பெற்றுள்ள வெண்ணிற ஆக்ஸைடுப் பூச்சினின்று எலக்ட்ரான் என்னும் மின்துகள்கள் வெளிப்படும். புறத்தே சூழ்ந்திருக்கும் தகட்டிற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்னழுத்தம் ஊட்டப்பெறும். எனவே எலக்ட்ரான்கள் அதனை நோக்கி விரையும். இடையிலுள்ள வலையோ கேதோடைவிடச் சிறிது எதிர்மின்னழுத்தம் உடையதாய், அவற்றை ஓரளவு மறித்து நிற்கும். வீராணம் ஏரியின் மதகை எண்ணுக. ஏரி நீரின் பேராற்றலை மனிதன் தன் தோளால் தடுத்தல் இயலாது. ஆயினும் மதகுத் திருகைச் சிறிது திருப்பி, வாய்க்காலிற் பாயும் வெள்ளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லனாகிறான். வலையும் அத்தகையதே. கித்தார்த் தந்தி அதிர்தலாற் பிறக்கும் மிகச் சிறிய மின்னலை வலையில் ஏறி இறங்க, தகட்டிற் பாயும் மின்னோட்டம் அதே வடிவிற் பேரலையாக ஏறி இறங்கும்.

குமிழுக்குள் காற்று இருத்தலாகாது. இருப்பின் எலக்ட்ரான்களின் வழி தடைப்படும்; கேதோடின் பூச்சும் கெடும். காற்றை இறைத்தபின் எஞ்சும் சிறிதளவு வாயுவையும் உட்கொள்ளும் பொருட்டுப் பேரியம் என்னும் உலோகத்தை உள்ளே ஆவியாக்குவர். குமிழின் உச்சியிற் கண்ணாடிபோற் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு அதுவே. அதன் பயனைப் பின்னர்க் காண்பாம்.

தமிழ்நாட்டிற்கும் வால்விற்கும் உள்ள உறவு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. 1924ஆம் ஆண்டில் சென்னையில் மாகாண ரேடியோச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பின்னர், 1930ஆம் ஆண்டில் சென்னை நகராட்சி அப்பணியை ஏற்றது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. அக்காலத்து ஒலிபரப்பும் கருவியும் கேட்கும் பெட்டியும் வால்வுகளாலேயே இயங்கின. நம் நாட்டிற் செய்யப்பெற்ற வால்வுகள் வெளிவந்ததோ 1961ஆம் ஆண்டில். பெங்களூரில் அரசினரால் 1954இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அவ்வாண்டில் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கிற்று. அதே 1961ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவம் முதன்முதல் வெளிப்பட்டது. மறு ஆண்டில் சோவியத் நாட்டின் துணையுடன் அமைந்த அனல் மின்நிலையத்தின் முதற் பிரிவு மின்சாரம் அளித்தது. மின்சாரமும் அதனை இசையாக்கும் குழலும் அடுத்தடுத்து உள்நாட்டிலேயே பிறந்தமை நினைத்து மகிழத்தக்கது. அம்முதல் மின்நிலையம் தன் பணி முடித்து 2020ஆம் ஆண்டில் ஓய்வுற்றது. ரேடியோ வால்வு செய்தலும் நம் நாட்டில் நின்றுபோயிற்று.

கித்தாருக்கெனத் தனி ஆம்ப்ளிபையர் செய்து புகழ்பெற்றவர் பலருள் லியோ பெண்டர் என்பார் குறிப்பிடத்தக்கவர். அவர் 1938இல் கலிபோர்னியாவிலுள்ள புல்லர்ட்டன் என்னும் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பிறர் கருவிகளைத் திறந்து குறைகளை ஆராய்ந்தமையே தம் கருவிகளை நன்கமைக்க அவருக்குக் கல்வியாயிற்று. அவருடைய பாஸ்மேன் என்னும் ஆம்ப்ளிபையரை முன்மாதிரியாகக் கொண்டே, இலண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் என்பாரும் அவர்தம் துணைவரும் 1962ஆம் ஆண்டையொட்டித் தம் ஆம்ப்ளிபையரை இயற்றினர். பழுதுபார்த்தல் இழிதொழில் அன்று, படைத்தலுக்குத் தாய் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

டிரான்ஸிஸ்டர் வந்தபின் வால்வு பெரும்பாலும் வழக்கொழிந்தது. எனினும் கித்தார் வாசிப்போர் அதனைக் கைவிட்டிலர். அளவுக்கு மிஞ்சி முடுக்கப்பெற்றால் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபையர் பல ஒலியலையின் உச்சியைச் சட்டென வெட்டிவிடும், ஓசை கரகரக்கும். வால்வோ உச்சியைப் படிப்படியாக வளைத்து மழுக்கும். ஓசை தடித்துக் கனிந்து ஒலிக்கும். குறை என்று பொறியாளர் விலக்கிய அவ்வியல்பைக் கலைஞர் சுவையெனக் கொண்டனர். ஆயின், இன்று வால்வுகள் சீனா, ருஷியா, ஸ்லோவாக்கியா முதலிய சில நாடுகளிலேயே பெருமளவிற் செய்யப்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் போரினால் ருஷிய வால்வுகளின் ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகெங்கும் தட்டுப்பாடு தோன்றிற்று. இந்நிலையில் நல்ல வால்வு ஒன்றைப் பழுதெனக் கருதி எறிதல் எத்துணைப் பேரிழப்பு!

இனி, ஆம்ப்ளிபையரின் உள்ளே நோக்குவாம். கித்தாரினின்று வரும் மின்னலை முதலிற் சேரும் வால்வு பிரீஆம்ப் வால்வு. நாம் முன்னிலை வால்வு எனலாம். அதனைக் கடந்து ஓசையைத் திருத்தும் திருகுகள், பின்னர் மற்றும் சில சிறு வால்வுகள், இறுதியில் பெரிய அவுட்புட் வால்வுகள், அவற்றையடுத்து டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் என இவ்வரிசை அமையும். முன்னிலை வால்வாகப் பெரிதும் வழங்குவது ஈசிசி83. இப்பெயரைப் பகுபதம்போற் பிரித்துப் பொருள் காணலாம். ஈ என்பது ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்பதைக் குறிக்கும். சி என்பது மூவுறுப்பு வால்வைக் குறிக்கும். அஃது இருமுறை வருதலின் ஒரே குமிழில் இரு வால்வுகள் உள என்பது பெறப்படும். 8 என்பது ஒன்பது கால்களையுடைய அடித்தளத்தைச் சுட்டும். 3 வரிசை எண். இதனையே அமெரிக்கர் 12ஏஎக்ஸ்7 என்பர். இரு பாதியையும் தொடராக இணைத்து 12.6 வோல்ட்டிலும் இதன் ஹீட்டரை எரிக்கலாம் என்பது அப்பெயரின் முதலிலுள்ள எண்ணாற் புலனாகும்.

இவ்வால்வின் ஒரு பாதி, வந்த மின்னலையை ஏறக்குறைய 50 மடங்கு பெருக்கும். இரு பாதியும் அடுத்தடுத்துத் தொழிற்படின், இடையில் நேரும் இழப்பை நீக்கி நோக்க, 2,500 மடங்காகும். இதனால் விளங்குவது யாது? முதற் பாதியில் எழும் மிகச் சிறிய இரைச்சலும் பின்வரும் எல்லா நிலைகளாலும் பெருக்கப்பெற்று ஸ்பீக்கரிற் பேரிரைச்சலாகும். இறுதி நிலையில் எழும் அதே இரைச்சல் செவிக்கும் எட்டாது. ஆகலின் இரைச்சலைத் தேடுவான் தொடக்கத்திலுள்ள வால்வினின்று தேடத் தொடங்குதல் முறையாம்.

தேடத் தொடங்குமுன் உயிர்க்காப்பு. இதனை எத்துணை வலியுறுத்தினும் தகும். இப்பெட்டிகளுள் 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்சாரம் உலவும். பிளக்கைப் பிடுங்கிவிட்டதனால் அச்சம் நீங்கிற்றென்று எண்ணலாகாது. கண்டன்சர் எனப்படும் மின்தேக்கிகள் ஏரிபோல் மின்சாரத்தைத் தேக்கிவைத்திருக்கும். நெடுநேரம் கழிந்தபின்னும் தீண்டியவனைக் கொல்ல வல்லன. எனவே முதலிற் பிளக்கைப் பிடுங்குக. பின்னர், மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைக் கிளிப்பினால் சேஸிஸில் மாட்டி, சிவப்புக் கம்பியால் பெரிய கண்டன்சரின் நேர்முனையைச் சோதிக்க. வோல்ட் எஞ்சியிருப்பின், 10,000 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளால் அம்முனைக்கும் சேஸிஸிற்கும் இடையே சிறிது நேரம் இணைத்து வடியவிடுக. வடிந்ததென்று நம்பாது மீண்டும் அளந்து பார்க்க. திருப்புளியால் இரு முனையையும் தொட்டுப் பொறி பறக்கவிடுவார் உளர். அது கண்டன்சருக்கும் கண்ணுக்கும் கேடு. மின்சாரம் ஓடும்போது அளக்க நேரின் ஒரு கையை முதுகின்பின் வைத்துக்கொள்க. ஒரு கையில் நுழைந்து மறு கையால் வெளியேறும் மின்சாரம் நெஞ்சின் வழியாகவே செல்லுமன்றோ? தனித்திருந்து இவ்வேலை செய்தலும், கற்றார் துணையின்றிப் புதியோர் தொடங்குதலும் தகா.

நெடுநாள் கிடந்த ஆம்ப்ளிபையரை நேரே மின்சாரத்திற் செருகலாகாது. நம் நாட்டு மெக்கானிக்குகள் யாவரும் சீரீஸ் போர்டு ஒன்று வைத்திருப்பர். அதில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று கருவியுடன் தொடராக இணைக்கப்பெற்றிருக்கும். உள்ளே ஷார்ட் இருப்பின் பல்பு முழுதும் எரியும்; கருவிக்குத் தீங்கு நேராது. குறையில்லையெனின் பல்பு ஒருகணம் ஒளிர்ந்து பின் மங்கும். இக்காலத்து எல்இடி விளக்கு இதற்கு உதவாது. இழையுடைய பழைய பல்பே வேண்டும். பல்லாயிரம் ரூபாய்க் கருவியைச் சிறு பல்பு ஒன்று காத்து நிற்றல் வியப்பன்றோ!

இவ்வாறு காப்புச் செய்துகொண்டபின் வால்வைச் சோதிக்கலாம். முதற் சோதனை கண்ணாற் செய்வது. குமிழின் வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருப்பின் காற்றுப் புகுந்தது; அவ்வால்வு இறந்தது. ஹீட்டர் ஒளிராவிடின் இழை அறுந்திருக்கலாம். அன்றிச் சாக்கெட்டில் அழுக்கேறியிருக்கலாம். எனவே கால்களைத் துடைத்து மீண்டும் செருகிப் பார்த்தபின்னரே தீர்ப்புக் கூறுக. ஒளிர்தல் ஒன்றே நலத்திற்கு அடையாளம் அன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இழை எரிந்தும் கேதோடின் பூச்சுத் தேய்ந்திருப்பின் எலக்ட்ரான்கள் வெளிப்படா.

இரண்டாவது சோதனை செவியாற் செய்வது. ஆம்ப்ளிபையரை இயக்கி, பென்சில் முனையால் ஒவ்வொரு முன்னிலை வால்வையும் மெல்லத் தட்டுக. சிறிது ஓசை எழுதல் இயல்பே. மணியடித்தாற்போல் ஒலித்தோ, ஊளையிட்டோ அடங்காதிருப்பின் உள்ளுறுப்புகள் தளர்ந்தன என்று அறிக. இக்குறையுடையதை மைக்ரோபோனிக் வால்வு என்பர். முதல் நிலைக்கு உதவாவிடினும் பின்னிலை ஒன்றில் அதனை வைத்துப் பயன்கொள்ளலாம், எறிதல் வேண்டா. அடுத்து, மின்சாரத்தை நிறுத்தி முதல் வால்வைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குக. இரைச்சல் நின்றால் பழுது அவ்வால்விலோ அதனைச் சூழ்ந்த பகுதியிலோ உளது. நில்லாவிடின் அதற்கு அப்பால் உளது. இங்ஙனம் வரிசையாகச் செல்லின் பழுதுள்ள நிலை தானே வெளிப்படும். பின்னர், நலமென்று தெளிந்த வால்வு ஒன்றை அந்நிலையிற் செருகுக. குறை நீங்கினால் வால்வின் பிழை. நீங்காவிடின் வால்வு குற்றமற்றது.

ஸ்பீக்கரை இணைக்காது வால்வு ஆம்ப்ளிபையரை இயக்கலாகாது என்பதையும் இங்கே கூறிவைத்தல் நலம். இயக்கின், போக்கிடமின்றி எழும் மிகை மின்னழுத்தத்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகிவிடக்கூடும்.

இடைவிடாத முழக்கம் கேட்பின் அதன் சுருதியையே சாட்சியாகக் கொள்ளலாம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ஹீட்டருக்கும் கேதோடுக்கும் இடையே கசிவு உண்டாயின் அந்த 50 அதிர்வே ஒலியாகக் கேட்கும். மின்சாரத்தைத் திருத்தித் தேக்கும் கண்டன்சர்கள் உலர்ந்துபோயின் முழக்கம் இருமடங்காகி 100 அதிர்வாக ஒலிக்கும். கித்தாரின் மிகத் தாழ்ந்த ஆறாம் தந்தி 82 அதிர்வும், ஐந்தாம் தந்தி 110 அதிர்வும் உடையன. முழக்கம் ஆறாம் தந்திக்கும் வெகுவாகத் தாழ்ந்து ஒலிப்பின் வால்வையும் ஹீட்டர்க் கம்பிகளையும் ஐயுறுக; இவ்விரு தந்திகட்கும் இடைப்பட்டு ஒலிப்பின் கண்டன்சரை ஐயுறுக. நல்ல இசைச்செவி உடையார்க்கு இவ்வளவில் கருவியே வேண்டா.

மூன்றாவது சோதனை கணக்காற் செய்வது. இஃது எல்லாவற்றினும் உறுதியானது. தகட்டிற்கு மின்சாரம் 100,000 ஓம் ரெசிஸ்டர் வழியாகவும், கேதோடினின்று சேஸிஸிற்கு 1,500 ஓம் ரெசிஸ்டர் வழியாகவும் செல்வதாகக் கொள்வோம். ரெசிஸ்டரின் மேல்முனையில் 280 வோல்ட்டும் தகட்டில் 180 வோல்ட்டும் இருப்பின் இடையில் இழந்தது 100 வோல்ட். அதனை 100,000 ஓமால் வகுக்க 1 மில்லியாம்பியர் வரும். அதே மின்னோட்டம் கேதோடின் ரெசிஸ்டரிலும் பாய்தலால் அங்கே 1.5 வோல்ட் இருத்தல் வேண்டும். இருப்பின் இருவர் சாட்சியும் ஒத்தன. வால்வு தன் கடமையைச் செய்கின்றது. தகட்டிலும் 280 வோல்ட்டே காணின் மின்னோட்டமே இல்லை; வால்வு இறந்ததோ, கேதோடின் ரெசிஸ்டர் அறுந்ததோ என்று ஆராய்க. தகட்டில் 80 வோல்ட் மட்டும் காணின் இரு காரணங்கள் கூடும். கேதோடிலும் 3 வோல்ட்டளவு மிகுந்திருப்பின் மின்னோட்டம் மெய்யாகவே மிகுந்தது. முன்னிலையினின்று அலையைக் கடத்தும் கண்டன்சர் கசிந்து, வலைமேல் நேர்மின்னழுத்தம் ஏறியிருக்கலாம். கேதோடில் 0.75 வோல்ட்டே காணின் மின்னோட்டம் அரை மில்லியாம்பியராகக் குறைந்தது. ஆயினும் 200 வோல்ட் இழக்கப்பட்டமையால் ரெசிஸ்டரின் அளவு 400,000 ஓமாக ஏறிவிட்டது என்பது தெளிவு. அங்ஙனமாயின் வால்வின்மேற் குற்றம் சுமத்துதல் அநீதி.

இவ்வநீதி எம் நகரியத்திலேயே நிகழ்ந்ததுண்டு. இசைக்குழு ஒன்றில் பழைய ஆம்ப்ளிபையர் ஒன்று இருந்தது. ரேடியோப் பாகங்களைக்கொண்டு எவரோ கையாற் செய்தது அது. அது கடுகு தாளித்தாற்போல் ஓயாது வெடித்து ஒலித்தது, ஓசையும் நலிந்தது. வெளியூர்க் கடையொன்றிற் காட்ட, வால்வுகள் தேய்ந்தன என்று கூறிப் புதியன விற்றனர். ஓசை திருந்தவில்லை. மீண்டும் ஒருமுறை புதியன வாங்கினர், அப்போதும் திருந்தவில்லை. பழைய வால்வுகளோ, பெங்களூர் முத்திரை பொறித்தவை, குப்பையோடு போயின. ஈற்றில் முதிய மெக்கானிக் ஒருவர் அதனைத் திறந்து ஈரிடத்தில் அளந்தார். தகட்டில் 80 வோல்ட், கேதோடில் 0.75. "வால்வு மேல தப்பு இல்ல தம்பி, ரெசிஸ்டர் போயிருக்கு" என்று கூறி, சில ரூபாய் விலையுள்ள ரெசிஸ்டர் ஒன்றை மாற்றி ஈயம் வைத்தார். வெடிப்போசை அக்கணமே ஒழிந்தது. ஆயிரக்கணக்கிற் செலவிட்ட பொருளினும், திரும்பப் பெறவியலாத அவ்வால்வுகளே எல்லார் நெஞ்சையும் வருத்தின.

வால்வு சோதிக்கும் பொறிகள் இல்லையோ எனின், உள. அவை இருவகைப்படும். ஒருவகை கேதோடினின்று எலக்ட்ரான்கள் போதிய அளவு வெளிப்படுகின்றனவா என்று மட்டும் காட்டும். மற்றொருவகை, வலையின் மின்னழுத்தத்தைச் சிறிது மாற்றி, தகட்டின் மின்னோட்டம் எத்துணை மாறுகின்றது என்று அளக்கும். ஆங்கில நாட்டு ஆவோ நிறுவனத்தார் செய்த பொறிகள் இதற்குப் பெயர்பெற்றவை. ஈசிசி83இல், தகட்டில் 250 வோல்ட்டும் வலையில் எதிர் 2 வோல்ட்டும் இருக்கையில், வலையின் 1 வோல்ட் மாறுதலுக்கு 1.6 மில்லியாம்பியர் என்பது செய்வோர் வகுத்த அளவு. இரண்டாம் வகையே சிறந்தது. எனினும் அஃது அளவைக் கூறுமேயன்றி, தட்டினால் ஊளையிடுமா, நெடுநேரம் சூடேறியபின் இரையுமா என்பவற்றைக் கூறாது. பொறி நன்றென்றதை ஆம்ப்ளிபையர் ஏலாமையும், பொறி தேய்ந்ததென்றது ஆம்ப்ளிபையரில் நெடுநாள் இனிது பாடுதலும் உண்டு. முடிவான சோதனைச்சாலை அவ்வால்வு தொழிற்படும் இடமே.

வெளிநாட்டினின்று வரும் ஆம்ப்ளிபையர்கட்கு மற்றுமோர் எச்சரிக்கை. அமெரிக்கக் கருவிகள் ஏறக்குறைய 117 வோல்ட்டும் 60 அலைவும் உடைய மின்சாரத்திற்கென அமைந்தன. நம் 230 வோல்ட்டில் நேரே செருகின் அக்கணமே கெடும். இறக்கும் டிரான்ஸ்பார்மர் வைப்பினும், 60 அலைவிற்கு மட்டும் அளந்து செய்த டிரான்ஸ்பார்மர் 50 அலைவில் மிகச் சூடேறும். தொட்டுப் பார்த்துக் காத்தல் வேண்டும்.

இவற்றினும் பெரியது எர்த் இணைப்பு. பழைய ஆம்ப்ளிபையர் பலவற்றில் இரு கம்பிகளே உள. சேஸிஸிற்கு எர்த் இல்லை. மின்கம்பிக்கும் சேஸிஸிற்கும் இடையே வைத்த சிறு கண்டன்சர் பழுதானால் சேஸிஸ் முழுதும் மின்சாரம் ஏறும்; கித்தாரின் உலோகத் தந்தியிலும் ஏறும். வாசிப்போன் தந்தியைப் பற்றியவாறே எர்த்தான மைக்கைத் தீண்டின் யாதாகும்? 1972ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் கித்தார்க் கலைஞர் மேடைமீதே மைக்கைத் தீண்டி மின்சாரம் பாய்ந்து உயிர் துறந்தார். எனவே பழைய கருவி எதுவாயினும், மூன்று கம்பியுள்ள வயரும் மூன்று முள் பிளக்கும் இட்டு, சேஸிஸை எர்த்துடன் உறுதியாக இணைத்து, அச்சிறு கண்டன்சரை நீக்கியபின்னரே மேடையேற்றுதல் வேண்டும். பழைமையைக் காத்தல் நன்று. அதன்பொருட்டு உயிரைப் பணயம் வைத்தல் நன்றன்று. கோவில் விழாவாயினும் திருமணமாயினும் கிறிஸ்துமஸ் பாடற்குழுவாயினும், ஈர மண்ணில் வெறுங்காலுடன் நின்று பாடுவார் நம் நாட்டிற் பலர் என்பதை மறத்தலாகாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குங்கால் ஓருண்மை புலனாம். வால்வு எளிதிற் கழற்றக்கூடியது; ஆகலின் எளிதிற் பழிக்கப்படுவது. கண்ணுக்குத் தெரியாத ரெசிஸ்டரும் கண்டன்சரும் செய்த குற்றத்திற்குக் கண்ணெதிரே ஒளிரும் வால்வு தண்டனை அடைகின்றது. பார்த்தல், கேட்டல், அளத்தல் என்னும் மூன்றும் முடிந்தபின் தீர்ப்புக் கூறுவானே நல்ல மெக்கானிக். முன்னிலை வால்வு ஒன்று முறையாகக் காக்கப்பெறின் பல்லாண்டுகள் உழைக்கும் ஆற்றலுடையது.

மற்றுமொன்று. எம் ஊர் முதியோர் ஒவ்வொருவராக ஓய்வுற்று நகரியத்தை விட்டுச் சொந்த ஊர்கட்குச் செல்கின்றனர். அவர்தம் விரல்களும் செவிகளும் அறிந்தவை அவருடன் செல்லாதவாறு, கேட்டு எழுதிவைக்கும் கடமை மாணவராகிய நம்முடையது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர் ஒவ்வொருவரும், தம் ஊரில் ரேடியோவோ கடிகாரமோ தையற்பொறியோ செப்பனிடும் முதியவர் ஒருவரிடம் ஒரு பிற்பகல் அமர்ந்து, அவர் கூறும் முறைகளை அவர் சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதுவாராக. அடுத்த ஆண்டு இவ்விதழின் தமிழ்ப் பகுதிக்கு நல்ல கட்டுரைகள் பல கிடைக்கும். குப்பையிற் சேரவிருந்த நல்ல வால்வுகள் சிலவும் பிழைக்கும்.